ஒரே நகருக்கு இரண்டு ஆயர்கள்: யாருடைய பதவி செல்லும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

ஓலைச்சுவடி:
3, 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபையில் எந்தப் பெருநகரை எடுத்தாலும் போட்டி ஆயர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பேருமே ‘மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், முறைப்படி திருநிலை பெற்றேன்’ என்கிறார்கள். அப்படியானால் தீர்ப்பு எங்கிருந்து வந்தது?

நெய்தல்:
முறை என்னவோ எளிதுதான். ஆயர் இறந்தால் குருக்களும் மக்களும் ஒருவரைத் தேர்வார்கள். அக்கம்பக்கத்து ஆயர்கள் வந்து அவர் தலைமேல் கை வைப்பார்கள்; அதுதான் திருநிலைப்படுத்துவது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 4ஆம் விதி இதை இறுக்கியது: மாகாண ஆயர்கள் எல்லாரும் கூட வேண்டும், இயலாவிட்டால் குறைந்தது மூவர், வராதவர்களின் எழுத்துச் சம்மதம், மாகாணத் தலைமை ஆயரின் உறுதிப்பாடு.

மூவரைத் திரட்டுவது பெரிய காரியமில்லை என்பதுதான் சிக்கல். 251இல் உரோமையில் கொர்னேலியு ஆயரானதும், அந்நகரக் குரு நொவாசியன் இத்தாலியின் ஒரு மூலையிலிருந்து மூன்று ஆயர்களை வரவழைத்துத் தானும் ஆயரானார். அவர்களைக் குடிக்க வைத்துக் காரியத்தை முடித்தார் என்று கொர்னேலியு ஒரு கடிதத்தில் எழுதுகிறார். எதிராளியின் வாய்மொழி, பாதி தள்ளிவிட்டே படிக்க வேண்டும். ஆனால் அதே கடிதத்தில் உள்ள கணக்கு முக்கியம்: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், சபை சோறு போட்ட கைம்பெண்களும் ஏழைகளும் 1500க்கு மேல். அந்தப் பணமும் ஆள்பலமும் யார் கையில் என்பதும் சண்டையில் அடக்கம்.

முடிவு செய்தது கடிதப் போக்குவரத்து. இருவரும் மற்றப் பெருநகர்களுக்கு எழுதினார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு ஆயர்களை உரோமைக்கு அனுப்பி விசாரித்த பிறகே கொர்னேலியுவை ஏற்றார். அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு நொவாசியனை விலகச் சொன்னார். அந்தியோக்கியாவின் ஆயர் ஃபாபியு மட்டும் நொவாசியன் பக்கம் சாய்ந்தார்.

அகழி:
கடிதம் மட்டும் போதாது என்பதற்கு கார்த்தேஜே சாட்சி. பக்கத்து மாகாணமான நுமிதியாவின் ஆயர்கள் வரும்வரை காத்திராமல் செசிலியானை அந்நகர ஆயராக அவசரமாகத் திருநிலைப்படுத்தினார்கள். பின்னால் வந்த சுமார் 70 நுமிதியா ஆயர்கள் அவருக்குப் போட்டியாக மயோரினுவை நியமித்தார்கள். செசிலியானுக்குக் கை வைத்த ஆயர் ஃபெலிக்ஸ், கலாபனையில் (அரசு கிறிஸ்தவர்களை ஒடுக்கிய காலத்தில்) மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் என்பது அவர்கள் வாதம். பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆப்பிரிக்கச் சபைக்கு 3000 ஃபோலிஸ் பணத்தைச் செசிலியான் வழியாகக் கொடுத்ததும் ‘உண்மையான ஆயர் யார்’ என்பது அரசாங்க வழக்காகிவிட்டது. 313 உரோமை, 314 ஆர்ல் சங்கங்கள் செசிலியானை ஏற்றன. அரசு விசாரணையில் ஃபெலிக்ஸும் குற்றமற்றவர் என்றானது. பிளவு ஆறவே இல்லை. தோற்ற பக்கத்துக்கு ஊர்தோறும் ஆயர்கள் இருந்தார்கள். அரசு ஓலை அங்கே எடுபடவில்லை.

ஓலைச்சுவடி:
அப்படியானால் 366இல் உரோமையில் நடந்த ஆயர் போட்டி எந்த வகை? அங்கே கலாபனைப் பழி எதுவும் இல்லையே.

நெய்தல்:
அது முழுக்க ஆள்பலம். உரோமை ஆயர் லிபேரியு இறந்ததும் ஒரு கூட்டம் உர்சினுவைத் தேர்ந்தது. அவருக்குக் கை வைத்தவர் பக்கத்து ஊரான திபூரின் ஆயர். மறு கூட்டம் தேர்ந்த தாமசுவுக்கு, உரோமையின் துறைமுகமான ஓஸ்தியாவின் ஆயர் கை வைத்தார். உரோமை ஆயரைத் திருநிலைப்படுத்துவது ஓஸ்தியாவின் வழக்கமான உரிமை என்பதால் முறைப்படி தாமசு கை ஓங்கியது. ஆனால் தெருவில் அதெல்லாம் செல்லவில்லை. சிசினினு ஆலயத்தில் ஒரே நாளில் 137 பிணங்கள் கிடந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானு எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர், இரு தரப்புக்கும் வேண்டியவரும் அல்லர். நகர ஆளுநர் விவென்சியு கலவரத்தை அடக்க முடியாமல் புறநகருக்கு ஒதுங்கிவிட்டார். பிறகு அரசு தாமசுவை ஏற்று உர்சினுவை நாடுகடத்தியது.