ஃப்ரீ த்ரோ விதி தெரிந்தவர்கள் உதவுங்கள்

நாகர்கோவிலில் போன ஞாயிறு லோக்கல் பாஸ்கெட்பால் மேட்ச், ஃபிபா (சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம்) விதிதான். 12 நொடி பாக்கி, ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். என் கடைசி ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்கக் கூடாத ஷாட்). பந்தைத் தூக்கும்போதே எதிரணிப் பையன் கூடைக்கு முன்னால் உள்ள ஏரியாவுக்குள் பாய்ந்தான், என் கை பாதியில் நின்றது. நடுவர் விசிலடித்து, ஃபேக் (எறிவதுபோல் பாசாங்கு) என்று பந்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். எறிய 5 நொடி உண்டு, அதுகூட ஆகவில்லை. நடுவர் கைவீசி எண்ணியதில் மூன்றுதான்.

43-ஆம் பிரிவைப் படித்தேன். எதிரணி முந்தி நுழைந்து ஷாட் தவறினால் மறுவாய்ப்பு. நான் ஃபேக் செய்தால் பந்து போச்சு. இரண்டும் சேர்ந்தால்தான் குழப்பம். கோச்சிடம் கேட்டால் ‘விடுல மக்கா’ என்கிறார். நண்பனின் மொபைல் வீடியோவில் அவன் கால்தான் முதலில் கோட்டைத் தாண்டுகிறது.

அவன் நுழைந்ததால் நான் நிறுத்தினால், விதிமீறல் யார் மேல்?