மணலில் மட்டும் சூடேறுகிறது: ஃபேன் கிளட்சா, ரேடியேட்டரா?

பாலைவனப் பயணத்துக்குத் தயார் செய்யும் வண்டி மணல்மேடு ஏறினாலே சூடாகிறது. டர்போ டீசல், ஆட்டோமேட்டிக், விஸ்கஸ் ஃபேன் (சூடானால் இறுகி ரேடியேட்டர் ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும் கிளட்ச் உள்ளது). நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும். டயரை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) போனாலும், கால் மணி நேரத்தில் சிவப்பைத் தொடுகிறது. பின்காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டால் இறங்குகிறது. போன மாதத்திலிருந்து இதே கதைதான்.

தெர்மோஸ்டாட், கூலன்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் புதுசு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புல்விதை பஞ்சு மாதிரி அடைத்திருந்தது; கழுவி எடுத்தாச்சு. ஒழுகல் இல்லை, கூலன்ட் குறையவும் இல்லை. சூட்டோடு எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் தடையே இல்லாமல் சுழல்கிறது; சூட்டில் கிளட்ச் இறுகித் தடை தரணுமே, அதுதான் உறுத்துகிறது.

ஃபேன் கிளட்சை மட்டும் மாற்றினால் போதுமா, ரேடியேட்டரையும் கழற்றி உள்ளடைப்பு பார்க்கணுமா?