சிற்றூர் மர்ம நாவல்: பெயர்க் குழப்பத்துக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். ரத்தக்களரி அதிகமில்லாமல், சிற்றூரில் நடக்கும் கொலையை ஊர்க்காரர் ஒருவரே துப்பறியும் நாவல்களுக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கிறேன். 1930-இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் முதல் மிஸ் மார்ப்பிள் நாவலை எடுத்தேன். மிஸ் மார்ப்பிள், துப்பறியும் கிராமத்து மூதாட்டி. இடம், செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமம். கதையைச் சொல்பவர் அவ்வூர்ப் பாதிரியார். அவரது நையாண்டிக்காகவே படிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், ஊர் சிறியது, ஆட்களோ ஏராளம். கர்னல், அவர் மனைவி, மகள், ஓவியர், டாக்டர், ஊர்வம்பு பேசும் பெண்மணிகள். இரண்டு நாள் இடைவெளி விட்டால் யார் யாருக்கு உறவு என்பதே மறந்துவிடுகிறது. குறிப்பெடுத்துப் பார்த்தேன், தேர்வுக்குப் படிப்பதுபோல் ஆகிவிட்டது. விட்டுவிட்டால், துப்பு வரும் இடத்தில் "இவர் யார்?" என்று பின்னோக்கிப் புரட்டுகிறேன்.

நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மிஸ் மார்ப்பிள் நாவல்கள் மொத்தம் 12. அவற்றை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா? பாத்திரங்கள் குறைவாக உள்ள ஒன்றைச் சொன்னாலும் நல்லது.

பாதிதான் படித்திருக்கிறேன். கொலையாளி யார் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்!