புதுப்பிப்பு: கார்ன்ட் பீஃப் இந்த முறை பூப்போல வந்தது

ஐரிஷ்காரர்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக் தின விருந்துக்கு ஒத்திகையாகச் செய்த கார்ன்ட் பீஃப் (உப்புநீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய மாட்டிறைச்சி) ரப்பர் மாதிரி ஆகி, உப்பும் கரித்தது, கோஸ் கூழாகிவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நேற்று, மார்ச் 17, அந்தத் திருநாளன்றே மறுபடி செய்தேன். சொல்லிக்கொடுத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்றரைக் கிலோ பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சி). உப்புநீரைக் கொட்டி இரண்டு முறை கழுவிவிட்டு, புதுத் தண்ணீரில் வைத்தேன். தப்பு தீயில்தான் இருந்திருக்கிறது. போன தடவை தளதளவென்று கொதிக்கவிட்டேன். இப்போது ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும் அளவில் மூன்றரை மணி நேரம். முள்கரண்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது! உருளையும் கேரட்டும் கடைசி அரை மணியில், கோஸ் கடைசிக் கால் மணியில். அப்புறம் இருபது நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டினேன்.

அயர்லாந்தில் இந்த விருந்துக்குப் பன்றி இறைச்சிதான் வழக்கம். நியூயார்க்குக்குக் குடியேறிய ஐரிஷ்காரர்கள் யூதக் கசாப்புக் கடைகளில் வாங்கிப் பழகியது இந்த மாட்டிறைச்சி. என் ஐரிஷ் அமெரிக்க மாமியார் கடுகு விழுது தொட்டு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.