8700கே மூடியைக் கழற்றினால் லாபமா?

செக்காலை ஸ்டூடியோ:
காரைக்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மிஷினில் இருப்பது இன்டெல் ஐ7 8700கே சிப், இரண்டு வருஷம் முன்னால் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 120 மி.மீ. ஃபேன் ஒன்று வைத்த டவர் கூலர். வைகாசி முகூர்த்தம் ஆரம்பித்ததிலிருந்து எக்ஸ்போர்ட் போட்டால் ஐந்தே நிமிஷத்தில் 100 டிகிரியைத் தொடுகிறது. 4.7 கிகாஹெர்ட்ஸில் கிளம்பியது 3.9க்கு இறங்கிவிடுகிறது. மார்கழியில் 55 நிமிஷத்தில் முடிந்த அதே வேலை இப்போது 66 நிமிஷம். அறை மொட்டை மாடியில், மேலே ஆஸ்பெஸ்டாஸ். சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவரில் 37 டிகிரி.

மதுரையில் ஒரு கடைக்காரர், சிப்பின் உலோக மூடியைக் கழற்றி லிக்விட் மெட்டல் வைத்துத் தருகிறேன், 15 டிகிரி குறையும், 2,500 ரூபாய் என்கிறார். சிப் செத்தால் அவர் பொறுப்பில்லையாம். செய்யலாமா?

பள்ளத்தூர் பையன்:
கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கண்ணே. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் வரை இன்டெல் மூடிக்கு அடியில் சால்டர்தான், அதாவது உருக்கிப் பற்றவைத்த உலோகம்தான், வைத்தார்கள். 2012இல் ஐவி பிரிட்ஜ் வந்தபோது அது சூடு கடத்துகிற வெறும் பேஸ்ட் ஆனது. 2018இல் 9900கே-வுக்குத் திரும்பவும் சால்டர். உங்களுடையது 2017, நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை.

பேஸ்ட் மட்டமானது என்பது பாதிக் கதைதான். மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. அந்த இடைவெளியை பேஸ்ட் நிரப்புகிறது, சூடு அங்கேதான் நின்றுவிடுகிறது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மூடியை வைத்தால் அது உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லின் மேல் படிந்து உட்காரும். என் 8700கே-வை நானே கழற்றினேன். பிளேடு எல்லாம் வேண்டாம், அதற்கென்று கருவி இருக்கிறது, திருகத் திருக மூடி பக்கவாட்டில் நகர்ந்து 'டக்' என்று விடும். அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது உண்மை. சில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடித் தொடுபுள்ளிகள் மேல் தங்கச்சியின் நெயில் பாலிஷைப் பூசினேன், லிக்விட் மெட்டல் சிந்தினால் ஷார்ட் ஆகாமல் இருக்க. எதையும் மாற்றாமல் அதே லோடில் 92 இருந்தது 74 ஆனது. அறைச் சூடும் குறைகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
22 வருஷமாகச் சர்வீஸ் செய்கிறேன். 'செத்தால் பொறுப்பில்லை' என்று சொன்ன இடத்திலேயே நீங்கள் எழுந்து வந்திருக்கணும்.

தம்பி, அறைச் சூடு எப்படிக் குறையும்? சிப் 140 வாட் தின்றால் 140 வாட்டும் அறைக்குள்தான் வரும். மூடியைக் கழற்றினால் அது சில்லிலிருந்து சீக்கிரம் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

ஸ்டூடியோக்காரரே, 4.7 என்று எழுதியிருக்கிறீர்கள். சிப்புக்குள் இருக்கும் ஆறு கோரும் 4.7லா ஓடுகிறது? 8700கே-வில் 4.7 என்பது ஒரு கோர் மட்டும் ஓடும்போது. ஆறும் சேர்ந்தால் இன்டெல் கணக்கு 4.3தான். பல போர்டுகளில் 'மல்டி கோர் என்ஹான்ஸ்மென்ட்' என்று ஒன்று பயாஸில், அதாவது மிஷின் கிளம்பும்போது வரும் செட்டிங்கில், தானாகவே ஆன் ஆகி இருக்கும். அது எல்லாக் கோரையும் 4.7க்கு ஏற்றிவிட்டு, அதற்கு வேண்டிய வோல்டேஜையும் தாராளமாகக் கொடுக்கும். வோல்டேஜ் ஏறினால் வாட் அதன் வர்க்கத்தில் ஏறும். பெட்டியில் 95 வாட் என்று போட்டிருப்பது இந்த ஓட்டத்துக்கு இல்லை. முதலில் அதை அணையுங்கள். காசு ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்த லிக்விட் மெட்டல் உங்கள் கூலரையே தின்றுவிடும், அதையும் யோசியுங்கள்.

பள்ளத்தூர் பையன்:
4.3க்கு இறக்கச் சொல்வது, பந்தியில் உட்காரவைத்துப் பாயாசம் வருவதற்குள் இலையை எடுக்கிற மாதிரி இருக்கண்ணே. வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம் என்றுதானே காசு கொடுத்து 'கே' சிப் வாங்குவது?

தேவகோட்டை ரஸ்தா:
அவர் இப்போது ஓடுவது 3.9. இலையே இன்னும் போடவில்லை, பாயாசத்தைப் பேசுகிறாய்.

சிக்ரி குவார்ட்டர்ஸ்:
நடுவில் நுழைகிறேன். அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைத் தப்பாக விட மனசில்லை.

லிக்விட் மெட்டல் என்பது காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்தது. காலியம் தனியாகவே 29.8 டிகிரியில் உருகிவிடும், நம் ஊர் வைகாசியில் மேசையில் வைத்தாலே போதும். இது அலுமினியத்துக்குப் பரம எதிரி. வெறுமனே மேலே அரிக்காது, உலோகத்தின் மணிகளுக்கு இடையில் புகுந்து பொலபொலவென்று ஆக்கிவிடும். ஆனால் பையன் சொல்லும் வேலையில் அது மூடிக்கு அடியில் இருக்கிறது. மூடி தாமிரம், மேலே நிக்கல் பூச்சு. நிக்கல் காலியத்தைத் தாங்கும். கூலரைத் தொடுவது மூடியின் மேற்பக்கம், அங்கே சாதா பேஸ்ட்தான். ஆகவே ரஸ்தா அண்ணன் சொன்ன பயம் இந்த இடத்துக்குப் பொருந்தாது. மூடிக்கு மேலேயும் அதையே பூசுகிற கடைக்காரர் என்றால் மட்டும் பொருந்தும். உங்கள் கூலரின் அடியைப் பாருங்கள், ஹீட் பைப்புகளுக்கு நடுவே அலுமினியம் தெரிந்தால் அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தேவகோட்டை ரஸ்தா:
சரி, அது என் தப்பு. மூடி வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை.

கானாடுகாத்தான்:
மிஷினைக் கீழே இறக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டில், முற்றத்தை ஒட்டிய அறையில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல். மத்தியானம் 3 மணிக்கு 32தான். அறையில் 5 டிகிரி குறைந்தால் சிப்பிலும் ஏறக்குறைய 5 குறையும். சிங்கிள் ஃபேன் கூலரோ, வாட்டர் கூலரோ, அறைச் சூட்டுக்குக் கீழே எதுவும் போகாது.

பள்ளத்தூர் பையன்:
எல்லாரிடமும் அரண்மனை இருக்கா அண்ணே? அவர் வாடகைக்கு இருக்கிறார்.

குன்றக்குடி மயில்:
நானும் கல்யாண வீடியோதான். எல்லாரும் சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த வேலையை எதற்கு சிபியு செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. 8700கே-வுக்குள்ளேயே யுஎச்டி 630 கிராஃபிக்ஸ் இருக்கிறது. எக்ஸ்போர்ட்டில் ஹார்டுவேர் என்கோடிங் தேர்ந்தெடுத்தால் எச்.264, எச்இவிசி என்ற இரண்டு வீடியோ வடிவங்களையும் அது பார்த்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் பயாஸில் உள்ளே இருப்பது அணைந்திருக்கும், ஆன் செய்யணும். எனக்கு நேரம் பாதியானது.

ஆனால் புதுக் கேமராவில், நிற விவரம் அதிகம் பதிகிற 10 பிட் 4:2:2வில் எடுக்கிறீர்கள் என்றால் அந்த ஃபைலைப் பிரிக்க யுஎச்டி 630க்குத் தெரியாது. இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் மேசைக் கணினிக்கு, அதுவும் எச்இவிசி ஃபைலுக்கு, அந்த வசதி வந்தது. அப்போது பாரம் சிபியு தலையில்தான். மூடியைக் கழற்றினாலும் இது மாறாது.

செக்காலை ஸ்டூடியோ:
அக்கா, ஒரு கேமரா 8 பிட், இன்னொன்று 4:2:2. சாமான் பரப்பியதை மட்டும் 20 நிமிஷம் 4:2:2வில் எடுத்து வைத்திருக்கிறான் தம்பி, ஒரு எவர்சில்வர் குடத்தையும் விடவில்லை.

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை கூலரைக் கழற்றினேன். ஃபேனை எடுத்ததும் தெரிந்தது, கூலரின் ஃபின் தகடுகளுக்கு நடுவே தூசி இல்லை, அட்டை மாதிரி ஒன்று, பழுப்பு நிறத்தில், தொட்டால் பிசுக்கென்று விரலில் ஒட்டுகிறது. முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி! வெள்ளிக்கிழமை தோறும் அம்மா தூபக்காலோடு மாடிக்கும் வந்து மிஷினுக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றுவார். அந்தப் புகையின் பிசினில் தூசி ஒட்டி, பாதி ஃபின் அடைத்துக் கிடக்கிறது. ஊதினால் போகவில்லை. ஃபேனைத் தனியே வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.

புது பேஸ்ட் போட்டு மாட்டியதும், அதே 37 டிகிரி அறையில், அதே 4.7இல் 94. அப்புறம் ரஸ்தா அண்ணன் சொன்னதை அணைத்தேன், நிஜமாகவே ஆனில்தான் இருந்தது. ஆறு கோரும் 4.3இல் நிற்கிறது, 79க்கு மேல் போகவில்லை. அதே எக்ஸ்போர்ட் 59 நிமிஷம். அக்கா சொன்ன ஹார்டுவேர் என்கோடிங்கில் 8 பிட் படங்களுக்கு மட்டும் 30க்குள் முடிகிறது.

பள்ளத்தூர் பையன்:
நல்லதுண்ணே. ஆனால் 4.7இல் 94 என்றால் மூடியைக் கழற்றினால் அதே 4.7இல் 80க்குக் கீழே நிற்கும், 55 நிமிஷமும் திரும்பக் கிடைக்கும். நான் சொன்னது தப்பு என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
தப்பில்லை தம்பி. 4 நிமிஷத்துக்காக முகூர்த்த நாளில் ஒரே மிஷினை மதுரைக்கு பஸ் ஏற்றணுமா என்பதுதான் கேள்வி. அவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

செக்காலை ஸ்டூடியோ:
பையன் தம்பி, ஆடியில் வா. அப்போது முகூர்த்தம் இல்லை. பழைய 7700 ஒன்று டிராயரில் கிடக்கிறது, அதுவும் பேஸ்ட் வைத்ததுதான், முதலில் அதைக் கழற்றிக் காட்டு. அது பிழைத்தால் பேசலாம். 2,500 ரூபாயில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி ஜன்னலில் மாட்டிவிட்டேன், அறை 34க்கு வந்திருக்கிறது.

தூபக்காலை மாடிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை நாலு சுற்று சுற்றினார்.