விரலி சரி, 'நீக்கு' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருளைத் தமிழாக்கும்போது பென் டிரைவுக்கு என்ன சொல் போடுவது என்று நம் குழுவில் நான்கு நாளாக ஓடும் இந்த விவாத இழையை முதலிலிருந்து படித்தேன். பேனா இயக்கி, நினைவுக் குச்சி, செருகி, விரலி என்று பல சொற்கள் வந்துவிட்டன. நான் விரலி பக்கம். காரணத்தைச் சொல்லிவிட்டு, இதைவிட முக்கியமாக எனக்குப் படுகிற வேறொரு சொல்லுக்கு, பென் டிரைவை எடுக்கும் முன் தட்டும் 'பாதுகாப்பாக நீக்கு' என்ற கட்டளையில் உள்ள 'நீக்கு'க்கு, வருகிறேன். அதைப் பற்றி இழையில் யாரும் பேசவில்லை.

'பேனா இயக்கி' வேண்டாம். இயக்கி என்ற சொல்லை, கணினியோடு இணைத்த கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். 'அச்சுப்பொறிக்கு இயக்கியை நிறுவுங்கள்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'பேனா இயக்கியைச் செருகுங்கள்' என்றால் படிப்பவர் குழம்பிப்போவார். தவிர, அந்தப் பொருளுக்குள் இயங்குவது எதுவுமில்லை. வன்தட்டில் தட்டைச் சுழற்ற மோட்டார் உண்டு. இதில் இருப்பது கோப்புகளைச் சேமிக்கும் ஒரு ஃபிளாஷ் சில்லு, அதைக் கட்டுப்படுத்த இன்னொரு சில்லு, ஒரு யூஎஸ்பி முனை. டிரைவ் என்பது தட்டு சுழன்ற காலத்துப் பெயர். ஆங்கிலத்தில் அது ஒட்டிக்கொண்டது என்பதற்காக நாமும் சுமக்க வேண்டியதில்லை.

ஃபிளாஷை 'மின்னல்' ஆக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் 1980களில் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்கா இந்த நினைவகத்தை உருவாக்கியபோது, பெரிய பகுதி ஒன்றை ஒரே வீச்சில் அழிக்க முடிந்தது. உடன் வேலை பார்த்தவருக்கு அது கேமரா ஃபிளாஷை நினைவூட்டியது. பெயர் அப்படித்தான் வந்தது. ஆக, அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது அழிப்பு. மின்னல் என்று வைத்தால் நம்மவர்கள் வேகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் விரலி மெதுவாக எழுதும்போது பெயரே பொய்யாகிவிடும்.

நினைவுக் குச்சியில் பொருள் பிழை இல்லை. ஆனால் 'மெமரி ஸ்டிக்' என்ற பெயரில் சோனி 1998இலேயே ஒரு நினைவக அட்டையைக் கொண்டுவந்துவிட்டது. அதுவும் இதுவும் வேறு. 'செருகி' என்றால் கணினியில் செருகும் எல்லாமே செருகிதான்.

விரலி அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் இந்தப் பொருளைத் 'தம்ப் டிரைவ்' என்ற பெயரில்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. தம்ப் என்றால் கட்டைவிரல். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான் பழக்கம். அதனால் விரலி என்றதும் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நமக்கோ சொல்லே புதிதில்லை. ஈரோட்டு மஞ்சள் சந்தையில் விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று செய்தித்தாள்கள் எத்தனையோ காலமாக எழுதி வருகின்றன. விரல் போல இருப்பதால் விரலி. நாற்காலி, முக்காலி எல்லாம் இந்த 'இ' சேர்ந்து வந்தவைதான். வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: விரலியில், விரலிக்கு, விரலியிலிருந்து. எங்கும் நாக்கு தடுக்கவில்லை.

சங்கப் பாடல்களில் பாணனோடு வரும், ஆடிப் பாடும் விறலி குறுக்கே நிற்கிறாளே என்று நண்பர் ஒருவர் கவலைப்பட்டிருந்தார். பேச்சில் பலருக்கு ர, ற வேறுபாடு குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் அரம்–அறம், இரை–இறை என்று எத்தனையோ இணைகளோடு புழங்குகிறோம். எழுத்தில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது, இடமும் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, பெயர்ச்சொல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். எனக்குக் கவலை வினைச்சொல்லில்.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவருடைய கணினியில் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். பேரனின் காதுகுத்துப் படங்களை விரலியில் ஏற்றி, பிரிண்ட் போட ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்றி முடித்ததும், நான் சொல்லிக் கொடுத்தபடி விரலியின் மேல் வலச்சொடுக்கினார். பட்டியலில் இருந்தது 'பாதுகாப்பாக நீக்கு'. அதற்குச் சற்று முன்தான், ஆடிப்போன நாலைந்து படங்களை அதே மாதிரி வலச்சொடுக்கி 'நீக்கு' என்பதைத் தட்டி அழித்திருந்தார். கை சுட்டெலி மேலேயே நின்றுவிட்டது. "நீக்குன்னு குடுத்தா படமெல்லாம் போயிடாதா?" என்று என்னிடம் பிறகு கேட்டார். தட்டவில்லை. விரலியை அப்படியே பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்டுடியோவில் திறந்து பார்த்தால் கடைசிச் சில படங்களில் மேல்பாதி பிள்ளையின் முகம், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம்.

அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்தவர் அந்தச் சொல்லை எப்படிப் படிப்பாரோ அப்படித்தான் படித்தார். டெலிட்டுக்கும் ரிமூவுக்கும் ஒரே 'நீக்கு' போட்டவர்கள் நாம்தான். ஆப்பிளின் மேக்கிண்டோஷ் கணினியிலும் இதே கதை நடந்திருக்கிறது. வட்டை வெளியே எடுக்க அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று மக்கள் பயந்தார்கள்.

இந்தக் கட்டளைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். விரலிக்கு எழுதுவது மெதுவான வேலை. அதனால் கணினி கோப்பைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததாகக் காட்டிவிட்டு, சிறுகச் சிறுக எழுதும். லினக்ஸ் இயங்குதளத்தில் பெரிய கோப்பு ஒன்றை விரலிக்கு நகலெடுத்துப் பாருங்கள். எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பட்டை நிறைந்த பிறகும் விரலியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். கட்டளையைக் கொடுத்ததும் மிச்சத்தை எழுதி முடித்து, கோப்பு அட்டவணையைச் சரிசெய்து, பிடியை விடுகிறது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து இப்படிச் சேர்த்து வைப்பது இயல்பாகவே தவிர்க்கப்படுகிறது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிடுங்கினால் அங்கும் கோப்பு கெடும்.

இங்கே செயல் இரண்டு. கணினி பிடியை விடுவது ஒன்று. நம் கை இழுப்பது இன்னொன்று. முதலாவதற்கு 'விடுவி', இரண்டாவதற்கு 'உருவு' என்று முன்மொழிகிறேன். உறையிலிருந்து கத்தியை உருவுவது போலத்தான் இதையும் உருவுகிறோம், வீட்டிலும் கடையிலும் "உருவிடாத, இரு" என்றுதான் சொல்கிறோம். 'வெளியேற்று' குறுவட்டுக்குப் பொருந்தியது, ஏனென்றால் தட்டு தானாக வெளியே வந்தது. இங்கே எதுவும் தானாக வருவதில்லை. 'இறக்கு' என்றால் பதிவிறக்கத்தோடு மோதும். 'கழற்று' கையின் வேலை, கணினியின் வேலை ஆகாது.

திரையில் வரும் சரங்கள், அதாவது நாம் மொழிபெயர்க்கும் வரிகள், இப்படி இருக்கலாம்:

'விரலியை விடுவி'
'எழுதி முடியவில்லை. இன்னும் உருவ வேண்டாம்.'
'விரலி விடுவிக்கப்பட்டது. இனி உருவலாம்.'

கடைசி வரியைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இது புரியுது" என்றார்.

'நீக்கு' என்பதை ரிமூவுக்கே விட்டுவிட்டு, டெலிட்டுக்கு எல்லா இடத்திலும் 'அழி' என்று மாற்றலாமா என்பது பெரிய வேலை, அதற்குத் தனி இழை தொடங்குவோம். இந்த மூன்று சரங்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்ற நினைக்கிறேன். இலங்கை நண்பர்கள் 'உருவு' அங்கே இதே பொருளில் புழங்குகிறதா, அல்லது 'இழு' என்றால்தான் பொருந்துமா என்று அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்