கம்பெனி வாரண்டியும் நம் வேலைக்கான வாரண்டியும்: செலவு யார் கணக்கில்?

கேள்வி:
ஆறு டெக்னீஷியன்களை வைத்து ஏசி பொருத்தும், பழுதுபார்க்கும் தொழிலை நடத்தி வருகிறேன். எங்கள் பில்லின் அடியில் 'ஓராண்டு வாரண்டி' என்று ஒரே ஒரு வரி அச்சிட்டிருக்கும். நாங்கள் பொருத்திப் 14 மாதங்களான ஒரு ஏசியில் அண்மையில் கம்ப்ரசர் பழுதாகிவிட்டது. தயாரித்த நிறுவனம் புதிய கம்ப்ரசரைத் தந்துவிட்டது. ஆனால் அதை மாற்றும் கூலி, கேஸ், வண்டிச் செலவு எதையும் ஏற்கவில்லை. வாடிக்கையாளரோ, கம்ப்ரசருக்கு வாரண்டி இருக்கும்போது பணம் எதற்கு என்று கேட்டதால், முழுச் செலவும் என் தலையில் விழுந்தது. இரண்டு வாரண்டிகளையும் குழப்பமில்லாமல் எப்படிக் கையாளுகிறீர்கள்?

பதில் 1:
சிக்கல் அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது, ஐயா. கருவிக்கான வாரண்டி தயாரிப்பாளர் தருவது. பெரும்பாலும் உதிரிபாகத்தோடு நின்றுவிடும், கூலி அதில் சேராது. வேலைக்கான வாரண்டி நீங்கள் தருவது. இரண்டையும் பில்லில் தனித்தனி வரிகளாக, தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறிப்பிட்டு எழுதுங்கள். சில நிறுவனங்கள் வாங்கிய நாளிலிருந்தும், சில பொருத்திய நாளிலிருந்தும் கணக்கிடுகின்றன. கம்ப்ரசருக்கு மட்டும் காலம் நீளமாக இருப்பதும் வழக்கம். வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் புதிதாக முழுக் காலம் கிடைக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் பழைய வாரண்டியில் மீதமிருக்கும் காலமே அதற்கும் பொருந்தும். பொருத்திய அன்றே சீரியல் எண் ஒட்டியிருக்கும் பட்டையைப் படமெடுத்து ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் சீட்டு) சேர்த்துவிடுங்கள். அவுட்டோர் யூனிட் வெயிலில் கிடப்பதால், பின்னாளில் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாமல் போய்விடுகிறது.

பதில் 2:
தேதிகளைப் பிரிப்பது எளிது. பழுது யாருடையது என்று முடிவு செய்வதுதான் கடினம். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஏசியில் கேஸ் குறைந்துகொண்டே வந்தது. என் ஆட்கள் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) ஓட்டை என்று எழுதிவிட்டு, மூன்று முறை கேஸ் நிரப்பினார்கள். நான்காம் முறை நானே போய், குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றியிருந்த இன்சுலேஷனை விலக்கிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் எண்ணெய் படிந்து, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசிவதால், அந்தக் கறையே லீக் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நைட்ரஜன் அழுத்தி, சோப்பு நீர் தடவியதும் குமிழ் வந்தது. சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாமல், நட்டைக் கைக்கணக்கில் முறுக்கியது எங்கள் தவறு. வாரண்டியில் புதிய காயில் கேட்டிருந்தால் நிறுவனம் நிராகரித்திருக்கும், அதுவே நியாயமும்கூட. அன்று முதல், காரணத்தைக் காட்டும் படமும் அழுத்த அளவீடும் இல்லாமல் எந்த வாரண்டிக் கோரிக்கையையும் நான் அனுப்புவதில்லை.

இன்னொன்று: கழற்றிய பாகத்தைக் குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால், புதிய பாகத்தின் விலையை உங்களிடமே வாங்கும் நிறுவனங்கள் உண்டு. கோரிக்கை எண்ணை எழுதி அந்தப் பாகத்திலேயே கட்டிவிடுங்கள். எங்கள் வண்டியில் கழற்றிய ஒரு பிசிபி (மின்சுற்றுப் பலகை) மாதக்கணக்கில் கிடந்தது தனிக் கதை.

பதில் 3:
வாரண்டி வேலைக்கும் பில் போடுங்கள் என்பேன். பாகத்தின் விலை, கூலி, கேஸ் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தயாரிப்பாளர், நாங்கள், வாடிக்கையாளர் என மூவரில் யார் ஏற்கிறார் என்று குறித்து, வாடிக்கையாளர் தர வேண்டியது பூஜ்யமாக இருந்தாலும் அந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிழைக்காக மறுபடி போகும் வேலைகளுக்கு ஜாப் கார்டில் தனிக் குறியீடு வையுங்கள். எந்த வகை வேலையில் பணம் கரைகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். கம்ப்ரசர் மாற்றும் கூலியை எப்போதும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை; அதற்கென வாரண்டி நீட்டிப்புத் திட்டம் ஒன்றைப் பொருத்தும்போதே கட்டணத்துக்கு விற்கலாம்.

கேட்டவர்:
நன்றி. பில் படிவத்தை இன்றே மாற்றுகிறேன். பழைய வாடிக்கையாளர்களிடம் அந்த ஒரே வரிதான் இருக்கிறது. அவர்களுக்கு ஓராண்டு முடியும்வரை பாகம், கூலி இரண்டையும் நானே ஏற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.